முதலில் மகனின் கையை நீட்டச் சொல்லுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை, கடைசிவரை வாசித்துவிட்டுக் கமெண்ட் போடுங்கள்.

அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கெலிஓயா, கம்பளை என்று நம்மவர்கள் வாழும் ஊர்களில் கலியாணப் பேச்சில் இப்போது புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. குடும்பம் எப்படி, பிள்ளை என்ன படித்திருக்கிறார், நிறம் என்ன, வீடு இருக்கிறதா என்ற பழைய கேள்விகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றோடு, "பிள்ளைக்குத் தலசீமியா செக் பண்ணின ரிப்போர்ட் இருக்கா?" என்றும் கேட்கிறார்கள்.

கேள்வி நல்லது. பத்து வருடங்களுக்கு முன்பே எல்லோரும் கேட்டிருந்தால் சில வீடுகளில் இன்று இருக்கும் கண்ணீர் குறைந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பெண் வீட்டிடம் மட்டும்தான். வந்த விடை எங்கே போகிறது என்றும் பாருங்கள். தரகரின் போனுக்குப் போகிறது. அங்கிருந்து மாமியின் போனுக்கு. அங்கிருந்து "மகனுக்குப் பெண் பார்க்கிறோம்" என்ற வட்ஸ்அப் குரூப்புக்கு. ஒரு கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

இதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். தரம் 10 விஞ்ஞானப் பாடத்தில் தலைமுறையுரிமை அலகில் நாங்கள் படிப்பிப்பதுதான். பரீட்சைக்காகப் படித்து மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

நம் இரத்தத்தின் சிவப்பு நிறம் ஈமோகுளோபினால் வருகிறது. அதை உருவாக்கும் கட்டளை பரம்பரையலகுகளில் இருக்கிறது. பீட்டா என்ற பகுதிக்கான பரம்பரையலகு ஒவ்வொருவரிடமும் இரண்டு உண்டு. ஒன்று வாப்பாவிடமிருந்து, மற்றது உம்மாவிடமிருந்து. இரண்டில் ஒன்று மட்டும் பழுது என்றால் அவர் காவி. காவிக்கு நோய் இல்லை. ஓடலாம், படிக்கலாம், வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம். பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தாம் காவி என்பதே தெரியாது.

இரண்டும் பழுது என்றால்தான் நோய். கணவனும் மனைவியும் இருவருமே காவிகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 வீதம் நோயுள்ள பிள்ளை பிறக்க வாய்ப்பு உண்டு. 50 வீதம் காவி. 25 வீதம் எதுவும் இல்லாத பிள்ளை. இதை "நாலு பிள்ளையில் ஒன்றுக்குத்தான் வரும், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று விளங்கிக்கொண்டவர்கள் நம் ஊரில் உண்டு. அது பிழை. காசைச் சுண்டுவது போல ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

இப்போது முக்கியமான வரி. ஒருவர் காவி, மற்றவர் காவி இல்லை என்றால், அவர்களுக்குப் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் இந்த நோய் வராது. காவியாகப் பிறக்கலாம், நோயாளியாக அல்ல.

இந்த ஒரு வரியை விளங்கிக்கொண்டால் மீதிப் பதிவை வாசிக்காமலே விட்டுவிடலாம். விளங்காததால்தான் பெண் பிள்ளைகளின் கலியாணம் நிற்கிறது.

நோய் சின்ன விஷயம் என்று நாங்கள் சொல்லவில்லை. தலசீமியா உள்ள பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த நாளில் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு. ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் உடம்பில் சேருகிறது. அதை வெளியேற்றாவிட்டால் இதயமும் ஈரலும் பழுதாகும். அதற்காக வயிற்றில் ஊசியைக் குத்தி, சின்னப் பம்ப் ஒன்றைப் பூட்டி, இரவில் எட்டுப் பத்து மணித்தியாலம் மருந்து ஏற்றிக்கொண்டே உறங்கி வளர்ந்த பிள்ளைகள் உண்டு. இப்போது பலருக்குக் குளிசை கிடைக்கிறது. இருந்தாலும் வாழ்நாள் மருத்துவம்தான். உம்மாவுக்கு வேலைக்குப் போக முடியாது. வாப்பாவின் கடையில் மாதத்துக்கு எத்தனை நாள் பூட்டு.

நாட்டுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. களனிப் பல்கலைக்கழக வைத்தியர்களும் ஒக்ஸ்போர்டின் பேராசிரியர் டேவிட் வெதரோலின் குழுவும் சேர்ந்து செய்த ஆய்வு 2000 ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் வந்தது. எந்த நேரத்திலும் 2000 பேருக்கு மேல் இந்த நாட்டில் சிகிச்சை தேவைப்படுவார்கள், அதற்குச் சுகாதார வரவு செலவில் 5 வீதம் அளவு போகும் என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். தேசிய தலசீமியா நிலையம் நமக்குத் தூரமும் இல்லை, குருநாகலில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையால் போகும் அதே குருநாகல் பாதைதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கர்ப்பத்தில் கண்டுபிடித்து ஏதாவது செய்யலாம் என்ற வழி இந்த நாட்டில் கிட்டத்தட்ட இல்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம். ஆகவே கலியாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் நமக்கு இருக்கும் நேரான வழி. பரிசோதனையை எதிர்ப்பவர்கள் பக்கத்தில் எங்களைச் சேர்த்துவிட வேண்டாம். "எல்லாம் அல்லாஹ்வின் கத்ர், செக் பண்ணுவது ஏன்" என்று கேட்பவர்களுக்கும் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: காய்ச்சலுக்குப் பனடோல் போடும்போது கத்ரை மறுக்கிறீர்களா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குப் படிப்பிக்கப்பட்டது.

பரிசோதனை வேண்டும். அது நடக்கும் விதம்தான் அநியாயம்.

எங்கள் பழைய மாணவி ஒருத்தியின் கதை. ஊர், பெயர், வருடம் எதுவும் சொல்ல மாட்டோம். படித்த பிள்ளை, தொழிலும் இருந்தது. மாப்பிள்ளை வீடு ரிப்போர்ட் கேட்டது. வாப்பா நல்ல மனதோடு எடுத்துக் கொடுத்தார். காவி என்று வந்தது. மறுநாளே "நமக்குச் சரிவராது" என்று செய்தி. மாப்பிள்ளை ஒரு சொட்டு இரத்தமும் கொடுக்கவில்லை. அவர் காவியா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, அவருடைய உம்மாவுக்கும் தெரியாது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்து வந்த இரண்டு பேச்சும் தொடங்குவதற்கு முன்பே நின்றன. அவர்கள் ரிப்போர்ட் கேட்கவே இல்லை, அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. கடைசியில் "அந்தப் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோயாம்" என்று ஒரு வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவளுடைய தங்கச்சிக்கு அப்போது பதினாறு வயது. அவளையும் சேர்த்தே பேசினார்கள்.

இந்தக் கதையில் யாரும் சட்டத்தை மீறியதாக நினைக்கவில்லை. தரகர் தன் வேலையைச் செய்தார். மாமி "எச்சரிக்கைக்காக" இரண்டு பேருக்கு அனுப்பினார். அவர்கள் "நன்மைக்காக" நான்கு பேருக்கு அனுப்பினார்கள். மார்க்க பயானில் புறம் பேசுவதைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அது புறம் இல்லையா? அமானத் என்பது காசுக்கும் நகைக்கும் மட்டுமா?

இனிக் கணக்குக்கு வருவோம். இந்தப் பதிவின் நெஞ்சு இதுதான்.

"பெண் காவி இல்லை என்று தெரிந்தால் போதும், பிறகு மாப்பிள்ளையைச் செக் பண்ணத் தேவையில்லையே, அதனால்தான் பெண்ணிடம் கேட்கிறோம்" என்று ஒரு சகோதரர் சொன்னார். கணக்கு சரி. ஒருவர் காவி இல்லை என்றால் மற்றவர் யாராக இருந்தாலும் இந்த நோய் வராது. ஆனால் அதே கணக்கு மறுபக்கமும் பொருந்தும் அல்லவா? மாப்பிள்ளை காவி இல்லை என்று தெரிந்தால், பெண்ணின் ரிப்போர்ட்டை யாரும் பார்க்கத் தேவையே இல்லை!

இலங்கையில் 100 பேரில் இரண்டு மூன்று பேர்தான் பீட்டா தலசீமியா காவிகள் என்று மதிப்பிடுகிறார்கள். ஈமோகுளோபின் ஈ என்ற இன்னொரு வகையையும் சேர்த்தாலும் பெரும்பான்மையான பையன்கள் காவிகள் இல்லை. ஆகவே மகனுக்குப் பெண் தேடத் தொடங்குவதற்கு முன் மகனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடவை இரத்தம் கொடுத்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட வீடுகளில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பத்துப் பெண் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பத்து ரிப்போர்ட் வாங்கத் தேவையில்லை. பத்து வீட்டு இரகசியம் உங்கள் போனில் கிடக்கத் தேவையில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஈரானில் 1997 இல் கலியாணத்துக்கு முன்னரான தலசீமியாப் பரிசோதனையை நாடு முழுக்கத் தொடங்கியபோது இப்படித்தான் செய்தார்கள். முதலில் மணமகனின் இரத்தம். அவருடைய செங்குருதிக் கலங்கள் சிறியவையாக இருந்து சந்தேகம் வந்தால் மட்டும் மணமகளின் இரத்தம். இருவருக்கும் இருந்தால் ஆலோசனை. ஒரு முஸ்லிம் நாடு 1997 இல் விளங்கிக்கொண்ட கணக்கு நம் தரகருக்கு இன்னும் விளங்கவில்லை.

ஏன் விளங்கவில்லை? கணக்குத் தெரியாததால் அல்ல. பெண்ணைத்தான் சோதிக்க வேண்டும் என்பது நமக்குப் பழக்கம். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர், பெண் பார்க்கப்படுகிறவள். பெண்ணின் நடை, நிறம், முடி, பல் எல்லாம் பார்த்து முடித்தாயிற்று, இப்போது அவளுடைய இரத்தத்தையும் பார்க்கிறார்கள். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவேட்டில் மணமகளின் கையெழுத்தைக் கேட்பதில்லை, வலியின் கையெழுத்தைத்தான் கேட்கிறது. கையெழுத்துக்குத் தேவைப்படாத பெண்ணின் கை, ஊசி குத்த மட்டும் தேவைப்படுகிறதா?

சொந்தத்துக்குள் கலியாணம் பேசுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. பெண் காவி என்றால், வெளியில் இருக்கும் ஒரு பையனும் காவியாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. ஆனால் அவளுடைய சொந்த மச்சான், அதாவது மாமாவின் அல்லது மாமியின் மகன், அதே பழுதைக் கொண்டிருக்கும் வாய்ப்பு எட்டுக்கு ஒன்று. "வெளியில் போனால் கதை பரவும், குடும்பத்துக்குள்ளேயே முடித்துவிடுவோம்" என்று பயத்தில் சொந்த மச்சானுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். கதைக்குப் பயந்து ஆபத்துக்குள் போகிறார்கள். ஊர்வாய் பிள்ளைகளின் உடம்பில் வந்து முடியும் விதம் இதுதான்.

இரகசியம் காக்காவிட்டால் பரிசோதனையே தோற்றுவிடும் என்பதற்கு உலகத்தில் சாட்சி உண்டு. கிரேக்க நாட்டில் ஒர்கோமெனோஸ் என்ற ஊர். அங்கே அரிவாள்செல் நோயின் காவிகள் அதிகம். வைத்தியர்கள் போய் ஊரையே பரிசோதித்து, காவிகள் யார் என்று சொல்லி, காவியும் காவியும் மணமுடிக்க வேண்டாம் என்று புத்தி சொன்னார்கள். நல்ல எண்ணம். கொஞ்ச வருடங்களில் திரும்பிப் பார்த்தபோது, காவிகள் ஊரில் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அதனால் வீட்டார் ரிப்போர்ட்டை மறைத்தார்கள். காவிக்கும் காவிக்கும் நடந்த கலியாணங்கள், பரிசோதனையே செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை நடந்திருக்குமோ கிட்டத்தட்ட அத்தனை நடந்திருந்தன. 1974 இல் இந்த விபரம் வெளிவந்தது. அவமானத்துக்குப் பயந்தவன் பொய் சொல்வான். பொய் சொல்லும் ஊரில் எந்த ரிப்போர்ட்டுக்கும் பெறுமதி இல்லை.

அமெரிக்காவில் 1970களில் கறுப்பின மக்களுக்கு அதே அரிவாள்செல் பரிசோதனை அவசர அவசரமாக நடந்தது. காவிக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் சட்டம் போட்டார்கள். ஆரோக்கியமான மனிதர்களுக்கு வேலை போனது, காப்புறுதி மறுக்கப்பட்டது. அந்நாட்டு விமானப்படைக் கல்லூரி 1981 வரை காவிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் வேலை போகவில்லை, கலியாணம் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, நன்றாகச் செய்தவர்கள் யாரும் இல்லையா? இருக்கிறார்கள்.

சைப்பிரசில் ஒரு காலத்தில் தலசீமியா மிக மோசம். 1980களில் அங்குள்ள கிறிஸ்தவத் திருச்சபை, கலியாணத்துக்கு முன் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டது. அந்தச் சான்றிதழில் என்ன இருந்தது தெரியுமா? இருவரும் பரிசோதனை செய்து ஆலோசனை பெற்றார்கள் என்பது மட்டும். யார் காவி, யார் காவி இல்லை என்று அதில் இல்லை. பாதிரியாருக்கு அது தெரியத் தேவையில்லை என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

நியூயோர்க்கில் பழைமையைப் பேணும் யூதச் சமூகம். அங்கேயும் நம்மைப் போலப் பேசி முடிக்கும் கலியாணங்கள்தான். ஊர்வாய்க்குப் பயமும் நம்மைப் போலத்தான். டே-செக்ஸ் என்ற நோயில் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஜோசப் எக்ஸ்டைன் என்ற மதகுரு 1983 இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். பிள்ளைகளின் இரத்தம் பெயர் இல்லாமல் இலக்கத்தோடு போகும். கலியாணம் பேசும்போது இரு வீட்டாரும் இரண்டு இலக்கங்களைச் சொல்வார்கள். "பொருந்தும்" அல்லது "பொருந்தாது" என்று மட்டும் பதில் வரும். பொருந்தும் என்றால் யார் காவி என்ற கதையே இல்லை. தான் காவியா என்பதையே ஒருவரிடம் சொல்லாமல் விடும் அளவுக்கு நாம் போகத் தேவையில்லை. ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றி அறியும் உரிமை உண்டு. ஆனால் அந்த மனிதர் எதைக் காப்பாற்ற முயன்றார் என்று பாருங்கள். பிள்ளையின் உயிரையும், பெண்ணின் பெயரையும் சேர்த்து.

இனி எதிர்க்கேள்விகள்.

"சவூதியில் கட்டாயம்தானே? நம் பள்ளிவாசலும் கட்டாயமாக்கி ரிப்போர்ட்டை வாங்கி வைத்தால் என்ன?" சவூதியில் 2004 முதல் பரிசோதனை கட்டாயம், உண்மை. ஆனால் பொருந்தவில்லை என்று வந்தாலும் கலியாணம் செய்வது அந்த இருவரின் முடிவு. இன்னொரு பாடமும் அங்கே உண்டு. 2004 இல் ஆபத்து என்று தெரிந்த சோடிகளில் நூற்றுக்கு 9 பேர் அளவில்தான் கலியாணத்தைக் கைவிட்டார்கள். 2009 இல் அது 52 வீதம் அளவுக்கு வந்தது. அறிவு ஊறுவதற்குக் காலம் எடுக்கும். மண்டபம் எடுத்து, காட் அடித்து, சாப்பாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு ரிப்போர்ட் வந்தால் யார் கைவிடுவார்? பேச்சுத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பள்ளிவாசல் அலுமாரியில் ரிப்போர்ட் வைக்கும் யோசனைக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான். இன்றைய நிர்வாகம் நல்லவர்கள். நாளை யார் வருவார் என்று யாருக்குத் தெரியும்? அலுமாரிச் சாவி கைமாறும், பிள்ளையின் பரம்பரையலகு மாறாது.

"குறையை மறைத்துக் கலியாணம் செய்வது மோசடி அல்லவா?" காவி என்பது குறை இல்லை, முதலில் அதை விடுங்கள். இருந்தாலும் மணமுடிக்கப் போகிறவருக்குச் சொல்ல வேண்டும், நாங்களும் அதையே சொல்கிறோம். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். தரகர் கேட்டால் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையின் சாச்சி கேட்டால் சொல்லத் தேவையில்லை. ஒருவருக்குக் கடமையாகச் சொல்வதும் ஊருக்குக் கதையாகச் சொல்வதும் எப்படி ஒன்றாகும்?

"அப்படியென்றால் முழு இரகசியமாக வைத்துக்கொள்ளலாமா?" அதுவும் முடியாது. இந்த ரிப்போர்ட்டில் ஒரு விசேஷம் உண்டு. சீனி, கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் ஒருவருடையது. இது குடும்பத்துடையது. மகள் காவி என்றால் வாப்பா, உம்மா இருவரில் ஒருவராவது காவி. கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே நானாவுக்கும் தங்கச்சிக்கும் தம்பிக்கும் சொல்வது கடமை. அவர்களும் செக் பண்ணிக்கொள்ளட்டும். அதை அவளுடைய அனுமதியோடு, வீட்டுக்குள், மெதுவாகச் சொல்லுங்கள். பெருநாள் சாப்பாட்டில் எல்லோருக்கும் முன்னால் வேண்டாம்.

"சட்டம் இல்லையா?" இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மரபணுத் தரவையும் சுகாதாரத் தரவையும் விசேட வகையில் சேர்த்துப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. சட்டம் வரும்போது வரட்டும். குடும்பக் குரூப்பில் ரிப்போர்ட் போடுகிற மாமியைத் தடுக்க எந்த அதிகாரசபையும் வீட்டுக்கு வராது. அவருடைய மகன்தான் "உம்மா, அதை அழியுங்க" என்று சொல்ல வேண்டும்.

இனி, எங்கள் துறைக்கும் ஒரு வார்த்தை. பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்தால் நல்லது என்று பலர் சொல்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் பாடசாலைக்கு வருவது புதிதல்ல. விழிப்புணர்வு வகுப்பு தாராளமாக நடக்கட்டும். ஆனால் இரத்தம் எடுப்பதென்றால் பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். முடிவு ஆசிரியர் கையால் போகக் கூடாது. வகுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டு என்வலப் கொடுக்கும் நாளில், யாருக்கு "திரும்ப வரச்சொல்லி" துண்டு வந்தது என்று முழு வகுப்புக்கும் இடைவேளைக்குள் தெரிந்துவிடும். எங்களுக்கு அந்தப் பட்டியல் வேண்டாம். நாங்கள் அதை அறியத் தேவையில்லை.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். நம் வகுப்பறைகளில் தலசீமியா உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். மே 8 தலசீமியா தினத்தில் "இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறப்பதைத் தடுப்போம்" என்று பேச்சுப் போட்டி வைக்கும்போது அந்தப் பிள்ளை மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளும் அல்லாஹ்வின் படைப்பு, அவளுடைய உம்மா குற்றவாளி அல்ல. தடுப்பைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வாயும் அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பேச வேண்டும். அவளுக்கு உண்மையிலேயே உதவி செய்ய நினைத்தால் பள்ளிவாசலில் இரத்ததான முகாம் வையுங்கள். அவளுக்கு மாதாமாதம் தேவைப்படுவது நம் பரிதாபம் அல்ல, ஒரு பைந்து இரத்தம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவும்தான்.

1. மகனுக்குப் பெண் தேடும் வீடு முதலில் மகனைச் செக் பண்ணட்டும். மகன் காவி இல்லை என்றால் பெண் வீட்டிடம் இந்தக் கேள்வியே கேட்க வேண்டாம்.

2. மகன் காவி என்றால், அதை முதலில் அவர் சொல்லட்டும். தன்னுடையதைச் சொன்ன பிறகு பெண்ணுடையதைக் கேட்கட்டும்.

3. சாதாரண இரத்தப் பரிசோதனையில் கலங்கள் சிறியவை என்று வந்ததும் முடிவுக்கு வர வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவாலும் அப்படி வரும், நம் பெண் பிள்ளைகளில் அது தாராளம். ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் அடுத்த பரிசோதனையைச் செய்து, வைத்தியர் வாயால் கேளுங்கள். தரகர் வாயால் வேண்டாம்.

4. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். பயோடேட்டாவில் எழுத வேண்டாம். வந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவருக்கும் சொல்லுங்கள்.

5. பள்ளிவாசல் நிர்வாகம் ஏதாவது கேட்க விரும்பினால் ஒன்றை மட்டும் கேட்கட்டும்: இருவரும் பரிசோதித்து ஆலோசனை பெற்றீர்களா? ஆம் என்றால் போதும். முடிவைக் கேட்க வேண்டாம், பதிய வேண்டாம்.

6. இருவரும் காவி என்று தெரிந்தும் மணமுடிக்க நினைக்கிறவர்களை ஊர் விலக்க வேண்டாம். வைத்தியரிடம் முழுமையாகக் கேட்டறிந்து அவர்கள் எடுக்கும் முடிவு அவர்களுடையது. வாழப் போகிறவர்கள் அவர்கள்.

கதீப்மார்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு ஜும்ஆவில், குத்பாவில் அல்லது தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடம், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். "ஒருவர் காவி, மற்றவர் காவி இல்லை என்றால் நோய் வராது" என்ற அந்த ஒரு வரியை மிம்பரிலிருந்து கேட்டால் ஊர் நம்பும். எங்கள் கரும்பலகையில் பல வருடமாக எழுதியும் நம்பாதவர்கள் உங்கள் வாயால் கேட்டால் நம்புவார்கள்.

மாப்பிள்ளைத் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். உம்மா கேட்கும்வரை இருக்க வேண்டாம். நீங்களாகப் போய்க் கையை நீட்டுங்கள். ஒரு ஊசி. வலி கொஞ்ச நேரம்தான். அதனால் உங்களுக்குத் தெரியாத எத்தனையோ தங்கச்சிமாரின் பெயர் ஊர்வாயில் விழாமல் தப்பும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் நமக்கு நாவடக்கத்தையும் தருவானாக. ஆமீன்.

பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிருங்கள். கமெண்டில் கேள்வி கேளுங்கள், மறுப்பும் எழுதுங்கள். ஆனால் யாருடைய பெயரையும், யாருடைய வீட்டு ரிப்போர்ட் பற்றியும் எழுத வேண்டாம். "அது இன்னார் மகள்தானே" என்று ஊகித்தும் எழுத வேண்டாம். கண்டவுடன் அழித்துவிடுவோம்.